புல எண் 214

நான் நில அளவர், குடியாத்தம் வட்டம்.
இரண்டு பேருக்கு என்னைப் பிடிக்காது.
இருவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்:
நான் சர்க்கார்.

கஜபதிக்கு ஷூவின் மேல்தோல் தைக்கும் கொட்டகை.
ஒன்பது மிஷின், ஒரு முதலாளி.
லைசென்ஸ், வரி, ஞாயிற்றுக்கிழமை வந்து
சும்மா ஒரு ஜோடி கேட்கும் இன்ஸ்பெக்டர்,
எல்லாம் ஒழிந்தால் மிச்சத்தைச்
சந்தை பார்த்துக்கும் என்பார்.

சம்பங்கி தோல் ஷாப்பில்
சுண்ணாம்புத் தொட்டிக்குள் பதினோரு வருஷம் நின்றவர்.
அவருக்கும் சர்க்கார் போகணும்.
போகும்போது முதலாளியையும்
கையோடு கூட்டிப் போகணும்.

ரிங் ரோட்டுக்கு நிலம் எடுக்க
மஞ்சள் தலைக் கல்லோடு நான் போன காலை
ஜேசிபி முன்னால் இருவரும்
ஒரே துண்டை விரித்துப் படுத்தார்கள்.
போலீஸ் தூக்கிப் போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்தது.
முந்தின நாள் வாழைமரம் வாசலில் வாடாமல் இருந்தது.
எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை
வரிப்பணம் என்று கஜபதி தள்ளினார்,
லஞ்சம் என்று சம்பங்கி தள்ளினார்.
மூன்று மணிக்கு இருவரும் தின்றார்கள்.

பொழுது சாய்வதற்குள்
மணமக்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு
அரசே இல்லாத ஒரு நாட்டைக் கட்டி முடித்தார்களாம்.
"வேலூர்க் கோட்டையப் பாரு,
ராஜா இல்லாமலே நிக்குது."
"அகழில தண்ணிகூட கீது."
எதை யார் சொன்னது என்று
காவலுக்கு இருந்த ஏட்டுக்கு நினைவில்லை.
அதுவரை வித்தியாசம் தெரியலை மேடம் என்றார்.

ரோடு வேறு பக்கம் போனது.
கைவிடப்பட்டது என்று ஒரு வரி ஆணை.
சர்க்கார் எழுந்து போன இடத்தில்
கிணறு இருந்தது.

பங்குனியில் கஜபதி மோட்டார் அறையைப் பூட்டினார்.
சம்பங்கி பூட்டை உடைத்தார்.
உடைக்கலை, திறந்தேன் என்கிறார்.

திங்கட்கிழமை கஜபதியின் மனு:
எல்லை காட்டிக் கல் நட வேண்டுகிறேன்,
கட்டணச் சீட்டு இணைத்துள்ளேன்.
உங்கள் நாட்டில் இந்தக் கல்லை யார் நடுவார் என்றேன்.
"காசு குடுத்தா எவனாவது நடுவான்."
பிடுங்கினால்?
"அதுக்கும் ஒரு ஆள வெப்பேன்."
அந்த ஆளுக்கு மனசுக்குள்
ஒரு காக்கிச் சட்டை போட்டுப் பார்த்தேன்.
அளவு சரியாக இருந்தது.

சம்பங்கி மனு எழுதுகிற ஆள் இல்லை.
புளியமர நிழலில் நின்றே கேட்டார்:
"கெணறு யாருதும் இல்லன்னு எழுதிக் குடு."
அதற்கு என் பதிவேட்டில் கட்டம் கிடையாது ஐயா.
யாருடையதும் இல்லாதது புறம்போக்கு,
புறம்போக்கு சர்க்காருடையது.
"அப்போ எங்க ரெண்டு பேரவிட
நீதாம்மா பெரிய திருடி."
ஆமாம் என்று சொல்லும் அதிகாரம்
எனக்கு வழங்கப்படவில்லை.

விடிய விடிய ஒருத்தன் மோட்டார் ஓட்டினால்?
"பேசுவோம்."
பேசியும் கேட்காவிட்டால்?
"ஊரு கூடும்."
ஊர் கூடினால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் ஐயா?

அவர் காலைப் பார்த்தார்.
சுண்ணாம்பு தின்ற நகங்கள்.
அவர் அப்பா அந்தக் கிணற்றில்
படி இறங்க முடியாதிருந்த காலத்தில்
அந்தச் சட்டத்தை எந்தத் தாசில்தாரும் போடவில்லை.
ஊர்தான் கூடியது.

புதன்கிழமை சங்கிலி இழுத்தோம்.
கல் விழ வேண்டிய புள்ளி
கிணற்றின் நடுவே, தண்ணீரின் மேல்.
நட இயலவில்லை என்று குறிப்பெழுதினேன்.
மண்டபத்துக்குப் பிறகு முதல்முறையாக
இருவரும் ஒரே குரலில் பேசினார்கள்,
என்னைத் திட்டி.

வெயில் ஏறியிருந்தது.
வாளி யாருடையது என்று கேட்காமல்
இறைத்துக் குடித்தேன்.
கரித்தது.
தோல் ஷாப் தண்ணீர் இங்கேயும் வந்துவிட்டது.
புல எண் விசாரித்து வந்ததாகத் தெரியவில்லை.